மலையக ஏடுகளின் புறவடிவம்: ஒரு வரலாற்று நோக்கு

பதுளை நகரை அடுத்துள்ள தேயிலைத் தோட்டங்களுள் ஸ்பிரிங்வெளியும் ஒன்று. அதன் பெயரமைப்பே ஒரு சிறு வரலாறு எனலாம். ஆங்கிலேயத் தோட்டக்காரர் தம் மொழியில் இட்ட பெயரின் பிற்பகுதி பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். தமிழர் நாவிலும் எழுத்திலும் அது 'வெளி' என நிலைபெற்றது. அயற்சொல் ஒன்று, பரந்த நிலத்தைச் சுட்டும் பழந்தமிழ்ச் சொல்லாயிற்று. முற்பகுதியோ கிரந்த எழுத்தின்றி எழுத இயலாத அயற்சொல்லாகவே நின்றது. ஈய எழுத்துக் காலத்தில் இப்பெயரைத் தலைப்பில் அமைக்க வேண்டிய அச்சுக்கோப்பாளர், கிரந்தத்துக்கென ஒதுக்கிய அறையில் ஓரெழுத்தைத் தேடி எடுத்து, ஏனையவற்றைத் தமிழ் அறைகளிலிருந்து கோத்திருப்பார். மலையகத் தமிழரின் பெயர்களும் ஊர்களும் துயர்களும் அச்சேறிய வரலாறு இத்தகைய சிறு முடிவுகளால் ஆனது.

ஏடுகளின் வரலாற்றை ஆராய்வோர் அவற்றின் உள்ளடக்கத்தையே பெரிதும் நோக்குவர். ஆசிரியர் யார், கொள்கை யாது, எத்தனை இதழ்கள் வெளிவந்தன என்பனவே வினாக்களாக அமையும். முகப்பு, எழுத்தின் அளவு, பத்திகளின் அகலம், படம், தாளின் தரம், ஓரவெளி ஆகியவை அச்சகத்தாரின் அலுவல் என ஒதுக்கப்படும். ஆயின் புதிய ஏடொன்றைத் தொடங்குவோர் முதற் கட்டுரையை எழுதுமுன்னரே இவற்றைத் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் வெறும் அழகுணர்ச்சி பற்றியதன்று. இவ்வேட்டை யார் வாசிக்கப் போகிறார், எங்கிருந்து, எவ்வொளியில், தனித்தா கூட்டமாகவா என்னும் வினாக்களுக்கான விடை அதனுள் அடங்கியுள்ளது. மலையக ஏடுகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

எண்ணும் கடனும்

தோட்டத் தொழிலாளர் முதன்முதலில் எதிர்கொண்ட எழுத்து ஏட்டெழுத்தன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்களுக்குத் தகரத்தாலான சிறு வில்லை ஒன்று வழங்கப்பட்டது. தோட்டத்தைக் காட்டும் குறியும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அதனை அணிந்தவரின் பெயர் அதில் இல்லை. எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட வேண்டியவர் என்பதே அதன் செய்தி.

இரண்டாவது, 'துண்டு' எனப்பட்ட கடன் சீட்டு. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்வதாயின், அவர் பெயரில் நிற்கும் கடனைப் புதிய தோட்டம் ஏற்க வேண்டும். அக்கடனைச் சுமந்து சென்ற தாள் அது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாவது, நாள்தோறும் பெரட்டுக்களத்தில் பெயர் பதியப்பட்ட செக்ரோல். வந்தவர் யார், வராதவர் யார், முழுப்பெயரா அரைப்பெயரா என்பதை அதன் கோடுகளும் கட்டங்களும் தீர்த்தன. கணக்கப்பிள்ளையும் கங்காணியும் துரையும் வாசித்த அத்தாள், எழுதப்பட்டவரின் கைக்கு வருவதற்கென அமைக்கப்பட்டதன்று.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்பொன்று உண்டு. இவை தொழிலாளரைப் பற்றியவை, தொழிலாளரை நோக்கியவையல்ல. பின்னாளில் தொழிலாளரை 'நீங்கள்' என விளித்த ஏடு அவர் கைக்கு எட்டியபோது நிகழ்ந்த மாற்றத்தின் ஆழத்தை இப்பின்னணியில் வைத்தே உணர முடியும்.

அச்சு மரபின் இரு பாடங்கள்

மலையக ஏடுகள் வெறுமையிலிருந்து தோன்றவில்லை. தமிழ் அச்சு மரபு அவற்றுக்கு முன்னரே நெடுவழி கடந்திருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலாக அம்மரபு தொடர்கிறது. புறவடிவம் பற்றிய முதற்பாடத்தைத் தந்தது தரங்கம்பாடி. சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றால் விவிலியத்தை அச்சிடின் கையிருந்த தாள் போதாது. ஆகவே சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவெய்தியது. எழுத்தின் அளவை அங்கு நிர்ணயித்தது கண் அன்று, தாள்.

இரண்டாம் பாடம் யாழ்ப்பாணத்துக்குரியது. 1841இல் அமெரிக்க மிசனைச் சார்ந்தோர் தொடங்கிய 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் கொண்டு வெளிவந்தது. இரு மொழிகளும் ஓர் ஏட்டில் இடம்பெறின் இருவகை வாசகர் உளர் என்பது பொருள். அதன்பின் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர், உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக ஆண்டு, வாசிப்போன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே காட்டினார். ஆசிரியரின் வாய்மொழி விளக்கமின்றித் தனித்து வாசிக்கும் மாணவனை மனத்திற் கொண்ட செயல் அது.

இம்மரபின் வழி மலையகத்தைப் பொருளாகக் கொண்ட நூலொன்று 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்பதே அது. கோப்பிச் செய்கையைக் கும்மி மெட்டில் கூறும் அந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. கும்மி கைகொட்டி ஆடும் கூட்டத்தின் வடிவம். ஆங்கிலமோ தோட்டத்து அதிகாரத்தின் மொழி. பாட்டு உழைப்பவரின் மெட்டில் ஒலிக்க, அதன் பொருள் உழைப்பிப்பவருக்கும் கணக்குக் காட்டி நின்றது. கோப்பியின் வீழ்ச்சிக்குக் காரணமான இலைநோய் இலங்கையில் இனங்காணப்பட்டதும் அதே 1869இல்தான் என்பது வரலாற்றின் முரண்.

'பெரிய எழுத்து' என்னும் வகை

தாளைச் சிக்கனஞ்செய்ய எழுத்தைச் சிறிதாக்கிய மரபுக்கு எதிர்த்திசையில் இன்னொரு மரபும் வளர்ந்தது. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த குஜிலி நூல்களும் 'பெரிய எழுத்து' நூல்களும் இதற்குரியன. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என எழுத்தின் அளவே நூற்பெயரின் முற்பகுதியாயிற்று. இலக்கிய வரலாற்றில் இதனையொத்த வேறொரு நிகழ்ச்சியைக் காண்பது அரிது. நூலின் புறவடிவமே நூலின் பெயராகவும் அதன் விளம்பரமாகவும் அமைந்தது.

மலிந்த தாளும், மரக்கட்டைச் சித்திரமும், தடித்த எழுத்தும் கற்றோரிடை இகழ்ச்சிக்குள்ளாயின. ஆயின் இவ்வமைப்பு எத்துணை நுண்ணிய கணிப்பின் விளைவு என்பதை அவர்கள் உணரவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பவர், வயதால் பார்வை மங்கியவர், மாலை வேளையில் மண்ணெண்ணெய் விளக்கருகே அமர்ந்து பத்துப் பேருக்கு உரக்க வாசித்துக் காட்டுபவர் ஆகியோரே அந்நூல்களின் வாசகர். படத்தைக் காட்டிக் கதையை நிறுத்தலாம். நிறுத்திய இடத்தைப் பெரிய எழுத்தில் மீண்டும் எளிதில் கண்டுகொள்ளலாம்.

காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் வாழும் மலையகத்தில் எழுத்து கண்ணுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் லயத்துத் திண்ணையே அங்கு வாசகசாலை. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்னும் கணக்கு அங்கே பொருந்தாது. இதனை உணராது நகரத்துப் படித்தவரின் மேசையை மனத்திற் கொண்டு அமைக்கப்படும் ஏடு, கருத்தால் தொழிலாளர்க்குரியதாயினும் வடிவால் அவர்க்கு அயலானது.

1924

ஊவாவின் வரலாற்றில் 1924ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரலில் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அதற்கு முன் எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்கென மலையேறிய அதே பாதையில் தபாலும் பத்திரிகைக் கட்டுகளும் மலைக்கு ஏறலாயின. அவ்வாண்டு செப்டெம்பரில் கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' கொழும்பில் தோன்றியது.

தஞ்சையில் பத்திரிகை அனுபவம் பெற்றிருந்த நடேசய்யர் 1919இல் இலங்கைக்கு வந்து, புடைவை வியாபாரி போன்று தோட்டங்களுட் புகுந்து நிலைமையை நேரிற் கண்டவர். வெளியார் உட்புக முடியாதவாறு காவலிடப்பட்ட லயங்களை அவர் அறிந்திருந்தார். ஆகவே அச்சு அவருக்கு வெறும் செய்திக் கருவியாக அமையவில்லை. ஆள் நுழைய இயலாத இடத்தில் தாள் நுழையும் என்பதே அவரது பணியின் அடிப்படை எனலாம். நாளேட்டுடன் அவர் நின்றுவிடவில்லை. சிறு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் நாடகமும் அவர் கையாண்ட வடிவங்களாயின.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடியும் பாடல்களை அச்சிட்டும் ஆற்றிய பணி இவ்விடத்தில் தனிக்கவனத்துக்குரியது. அவரது பாடல்கள் சிறுநூலாகவும் வெளிவந்தன. மக்கள் நாவிற் பயின்ற மெட்டுகளிலேயே அப்பாடல்கள் அமைந்தன. பாடலின் தலைப்பின்கீழ் இன்ன மெட்டு எனக் குறிப்பது அக்காலப் பாட்டுப் புத்தகங்களின் வழக்கு. அச்சிறு வரி எழுத்தறிந்த ஒருவரை எழுத்தறியாப் பலருக்குப் பாட வைக்கும் அறிவுறுத்தல். மடித்து மடியில் வைக்கத்தக்க சிறிய அளவு, குறைந்த விலை, மனனஞ்செய்யத்தக்க அடிகள் ஆகியவை அதனோடு சேர்ந்தன. தாள் பறிமுதலானாலும் பாட்டு பறிமுதலாகாது. பெரிய நாளேடு செய்ய இயலாத பணியை நான்கைந்து பக்கச் சிறுநூலின் வடிவம் செய்தது.

நாளேடும் படமும்

1930இல் சுப்பிரமணியம் செட்டியாரால் 'வீரகேசரி'யும், 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனத்திலிருந்து 'தினகர'னும் தோன்றின. அகன்ற தாளில் பல பத்திகளாகச் செய்தி பகுக்கும் முறை இவற்றின் வழி தோட்டங்களை எட்டியது. நாளேட்டின் பக்கம் ஒரே மூச்சில் வாசிப்பதற்கன்று, தெரிந்தெடுத்து வாசிப்பதற்குரியது. தலைப்பெழுத்தின் பருமன் செய்தியின் முதன்மையைக் காட்டும். தோட்டத்துச் செய்தி முதற்பக்கத்தில் வந்ததா, உட்பக்கத்தின் அடியில் ஒடுங்கியதா என்பதை அளந்தே தம் நிலையை உணரும் வாசகர் கூட்டம் உருவாகியது. 1940இல் முல்லோயா வேலைநிறுத்தமும், அதே ஆண்டில் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்துப் போராட்டமும் தோட்டம் என்னும் வேலிக்குள்ளிருந்து நாட்டரங்குக்கு வந்தன. எத்தோட்டத்தின் பெயர் தலைப்பாகும் என்பது அரசியற் பொருள் பெற்ற காலம் அது.

படத்தின் பயனையும் இங்கு நோக்குதல் தகும். தமிழ்ப் பத்திரிகையில் அரசியற் கேலிச்சித்திரத்துக்கு வழிதிறந்தது 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏடு. பாரதியார் அதில் சித்திரத்தை அலங்காரமாகக் கருதவில்லை, வாதமாகவே கருதினார். 1930களில் மாலியின் கோடுகள் 'ஆனந்த விகட'னுக்குத் தனி முகம் தந்தன. மலையகத்தில் அச்சான படங்களோ நெடுங்காலம் ஒரே வகையினவாக இருந்தன. கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் பரவியது. அவள் பெயர் அறியப்படவில்லை. தகர வில்லையில் எண் இருந்தது, முகம் இல்லை. விளம்பரத்தில் முகம் இருந்தது, பெயர் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கு சேர்ப்பதே மலையக ஏடுகளின் முன் நின்ற பணி.

சிற்றேடுகளின் காலம்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. மீண்டும் ஒரு தாளே வாழ்வைத் தீர்த்தது. விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களும் கடவுச்சீட்டின் முத்திரையும் பழைய துண்டின் இடத்தை எடுத்தன. இப்பின்னணியிலேயே 1960களில் கண்டியிலிருந்து 'மலைமுரசு' முதலான ஏடுகள் தோன்றின. தொடர்ந்து 'தீர்த்தக்கரை', அந்தனி ஜீவாவின் 'கொழுந்து', 'குன்றின் குரல்', 'நந்தலாலா' எனப் பல வெளிவந்தன. இவற்றின் பெயர்களே நிலத்தையும் தொழிலையும் முகப்பில் நிறுத்தின. மலை, குன்று, கொழுந்து என்னும் சொற்கள் இழிவின் அடையாளமாயிருந்த நிலை மாறித் தலைப்பெழுத்தாயின.

சிற்றேடு நடத்துவோருக்கு வறுமையே முதல் ஓவியர். படம் வேண்டுமாயின் பிளாக் செய்விக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பல நிறம் வேண்டுமாயின் ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை மீண்டும் பொறியில் ஏற்ற வேண்டும். ஆகவே ஒரு நிற முகப்பும், கோட்டோவியமும், வெற்றிடமுமே கைவசமிருந்த கருவிகள். அச்சகச் செலவும் இயலாதவர்கள் ஸ்டென்சில் வெட்டி ரோனியோவில் உருட்டினர். மை திட்டுத் திட்டாகப் படிந்த அத்தாள்களில் கையெழுத்தே தலைப்பெழுத்தாயிற்று. அவற்றில் தோன்றும் கோணலைக் குறையெனக் கொள்வதற்கில்லை. கோடும் கட்டமும் இட்ட படிவங்களால் ஆளப்பட்ட மக்களுக்கு, மனிதக்கையின் சுவடு தெரியும் பக்கம் ஒரு நெருக்கத்தைத் தந்திருக்கும்.

ஒப்புநோக்குக்கு யாழ்ப்பாணத்து 'மல்லிகை'யைச் சுட்டலாம். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய அவ்வேடு கலை இலக்கியவாதிகளின் உருவங்களை அட்டையில் தொடர்ந்து தாங்கி வந்தது. சாதி ஒடுக்குமுறையை நேரிற் கண்ட ஓர் ஆசிரியர், யாருடைய முகம் அட்டைக்குரியது என்னும் வினாவுக்கு அளித்த விடை அது. வடிவமைப்பின் அளவில் மிக எளிய முடிவே. ஆயின் அவ்வட்டைகளை வரிசையாக வைத்து நோக்கின் ஒரு மாற்று இலக்கிய வரலாறே புலனாகும்.

எழுத்துச் சீர்திருத்தமும் பக்கமும்

ஈய எழுத்தால் அச்சுக்கோத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்து வடிவும் பெட்டியில் தனியறை வேண்டியது. உயிரெழுத்தும் மெய்யும் மட்டுமன்றி, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவு கொண்டவை. அவற்றோடு ணகர, றகர, னகர ஆகாரங்களும், சில ஐகார ஒகர ஓகாரங்களும் பொதுவிதிக்கு அடங்காது சுழித்தும் வளைந்தும் நின்றன. 1935இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் கைக்கொண்ட சீர்திருத்தம், இவற்றையும் ஏனைய எழுத்துகளைப் போலவே துணைக்காலும் கொம்பும் சேர்த்து எழுதலாம் என்றது. தமிழ்நாட்டரசு 1978இல் இதனை ஏற்றது. இலங்கை அச்சகங்களிற் பழைய வடிவங்கள் அதன்பின்னும் சில காலம் வழங்கின.

இச்சீர்திருத்தத்தை மொழிப்பற்று, பகுத்தறிவு என்னும் நோக்கிலேயே பெரிதும் விவாதித்தனர். ஏட்டமைப்பின் நோக்கில் அதன் பயன் வேறு. எழுத்துக் கூட்டி வாசிக்கும் முதிய தொழிலாளிக்கும், தோட்டப் பாடசாலையின் சிறுவனுக்கும் நினைவிற் கொள்ள வேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. சிறு அச்சகத்துக்கு வாங்க வேண்டிய எழுத்து குறைந்தது. தரங்கம்பாடியில் தாள் வகித்த இடத்தை இங்கு வாசகன் பெற்றான்.

நிறைவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். புதிய ஏட்டின் புறவடிவத்தைத் திட்டமிடுவோர் முதலில் வினவ வேண்டியது எவ்வெழுத்து அழகியது என்பதன்று. யார் வாசிக்கப் போகிறார் என்பதே. பெரிய எழுத்து நூலோரும் மீனாட்சியம்மையும் ரோனியோ உருட்டிய இளைஞரும் இவ்வினாவுக்கு விடை கண்டபின்னரே வடிவத்தைக் கண்டனர். அவர்தம் வடிவங்களை இன்று அப்படியே மீட்பது நோக்கமாகாது. இன்றைய தோட்டத்து இளைஞரிடம் கைப்பேசி உண்டு. அவர் தனித்து, மௌனமாக, சிறிய திரையில் வாசிக்கிறார். வாசகர் மாறின் வடிவமும் மாறவேண்டும் என்பதே அம்முன்னோடிகள் விட்டுச்சென்ற நெறி.

பிறிதொன்றும் கவனத்துக்குரியது. பழைய ஏடுகளின் கட்டுரைகளும் கவிதைகளும் மறுபதிப்பாகத் தொகுக்கப்படும்போது சொற்கள் காப்பாற்றப்படுகின்றன, பக்கம் அழிந்துவிடுகிறது. முகப்பின் கோட்டோவியம், விளம்பரம் தந்த கடைக்காரரின் பெயர், இடம் போதாமற் கடைசி வரியில் ஒடுங்கிய எழுத்து ஆகியவை யார் பொருளுதவினார், எத்துணை நெருக்கடியில் ஏடு வெளிவந்தது என்பதைக் கூறும் சான்றுகள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஏடுகளைப் பக்கவுருவாகவே பாதுகாப்பது இவ்வகையில் பெரும்பேறு. ஆயினும் தோட்டங்களிற் பெட்டியடியிலும் கூரையிடுக்கிலும் கிடந்து செல்லரிக்கும் தாள்கள் தாமாக வந்து சேரா. அவற்றைத் தேடிச் செல்லும் பணி பல்கலைக்கழக மாணவருக்குரியது.

தகர வில்லையில் எண்ணாகவும், துண்டில் கடனாகவும், படிவத்திற் கட்டமாகவும் எழுதப்பட்ட ஒரு சமூகம், தன் பெயரைத் தானே பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொண்ட கதையே மலையக ஏடுகளின் புறவடிவ வரலாறு. பள்ளத்தாக்கை 'வெளி' ஆக்கிய நாவுக்குரியோர், பக்கத்தையும் தமக்குரிய வெளியாக ஆக்கிக்கொண்டனர்.